கேம்பர் வானில் எவ்வளவு ஏற்றலாம்? கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கு ஓர் எடைக் கணக்கு

வான் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி, கட்டில் அடித்து, கேஸ் அடுப்பும் வைத்து, கேம்பர் வானாக்கி நாடு சுற்றும் ஆசை கொழும்பில் பலருக்கு வந்துவிட்டது. கட்டில் எப்படி மடிய வேண்டும், சோலார் எத்தனை வாட் போட வேண்டும், திரைச்சீலை என்ன நிறம் என்றெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்கிறவர் குறைவு. வண்டிக்குள் இடம் இருக்கும்வரை ஏற்றலாம் என்ற எண்ணம்தான் காரணம். வண்டியின் கொள்ளளவும் அது தாங்கும் எடையும் வேறு வேறு. பெரும்பாலான வான்களில் இடம் நிரம்பும் முன்பே எடை நிரம்பிவிடும்.

இந்தக் கட்டுரை முதல் முறையாக இறங்குகிறவர்களுக்கு. ஒரு கொப்பி, ஒரு பேனா, குளியலறைத் தராசு ஒன்று, வண்டியின் புத்தகம், இவ்வளவும் பக்கத்தில் இருந்தால் போதும்.

முதலில் புத்தகம்

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தந்த பதிவுச் சான்றிதழை எடுங்கள். நாம் எல்லோரும் ‘புக்’ என்று சொல்வது. அதில் எடைக்கு இரண்டு இலக்கங்கள் இருக்கும். ஒன்று வெற்று எடை, மற்றது மொத்த எடை. மொத்த எடை என்பது ஆள், எரிபொருள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறிய பிறகு வண்டி தாண்டக் கூடாத எல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. புத்தகத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் சாரதிப் பக்கக் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் கையேடு.

நம் வீதிகளில் ஓடும் வான்களில் பெரும்பகுதி ஜப்பானில் பாவித்து வந்தவை. அங்கே மொத்த எடையைக் கணக்கிடும்போது ஆளுக்கு 55 கிலோ என்று போடுகிறார்கள். உங்கள் வீட்டில் 55 கிலோவுக்குள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 5 பேர் ஏறினாலே கணக்கு 80, 100 கிலோ பிசகிவிடும். ஆகவே ஆட்களின் எடையை ஊகிக்க வேண்டாம். தராசில் ஏற்றி உண்மையான எடையை எழுதுங்கள். வயது கேட்டாலும் சொல்வார்கள், எடை கேட்டால் சிலர் கோபிப்பார்கள். எழுதியதைக் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்.

எவ்ரி, கிளிப்பர் போன்ற 660 சிசி குட்டி வான்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பதியாகச் சுற்றுகிறவர்கள் இவற்றைத்தான் அதிகம் மாற்றி அமைக்கிறார்கள். சரக்கு வகைக் குட்டி வானுக்கு ஜப்பானியச் சட்டம் அனுமதிக்கும் உச்சச் சுமை 350 கிலோ. பின் சீட்டிலும் ஆள் இருந்தால் அது 250 ஆகக் குறைகிறது. பலகைக் கட்டில், பற்றறி, தண்ணீர், கூரைப் பெட்டி என்று போனால் அது முடிய அதிக நேரமாகாது. குட்டி வானில் போகிறவர்கள் மடிக்கும் மெத்தையும் ஒற்றை அடுப்பும் வைத்துக்கொண்டு மெல்லிசாகப் போவதே சரி.

பட்டியல் போடுங்கள்

அடுத்தது கணக்கு. ஒரு டீசல் வானை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் வெற்று எடை 1,780 கிலோ, மொத்த எடை 2,750 கிலோ. கையிருப்பு 970 கிலோ. கேட்கும்போது ஏராளம் என்று தோன்றும்.

அப்பா, அம்மா, அம்மம்மா, இரண்டு பிள்ளைகள்: 280 கிலோ. 70 லீற்றர் டீசல் கிட்டத்தட்ட 59 கிலோ. டீசல் தண்ணீரைவிட இலேசு, லீற்றருக்கு 840 கிராம் அளவில் வரும். மரவேலை பாஸ் அடித்துத் தந்த கட்டிலும் அலுமாரிகளும் 130. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 8க்கு 4 அடி, 12 மில்லிமீற்றர் பிளைவுட் பலகை ஒன்று 20 கிலோவுக்கு மேல். 18 மில்லிமீற்றர் என்றால் 30ஐத் தாண்டும். வீட்டு அலுமாரிக்குப் போடும் பலகையையே வானுக்கும் போடுவது நம் பாஸ்மாரின் வழக்கம், ‘உறுதியா இருக்கட்டும் சேர்’ என்பார்கள். 9 அல்லது 12 போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொடர்வோம். மெத்தை 25. தண்ணீர் 80 லீற்றர், தாங்கியோடு சேர்த்து 86. 100 ஆம்பியர்-மணி (Ah) ஈய பற்றறி இரண்டு 58. இன்வேர்ட்டரும் வயரும் 12. சின்னக் குளிர்சாதனப் பெட்டி 18. 5 கிலோ கேஸ் சிலிண்டரும் அடுப்பும் 16. கூரைச் சட்டமும் விரிப்புப் பந்தலும் 60. சோலார் 12. ஜாக்கி, சாவி, கயிறு 20. சமையல் பாத்திரமும் அரிசி பருப்பும் 35. உடுப்புப் பை ஆளுக்கு 10 வீதம் 50. இரண்டு சைக்கிளும் அதன் தாங்கியும் 40.

கூட்டினால் 901 கிலோ. மீதி 69. இன்னும் பின்னால் ட்ரெய்லர் எதையும் கொளுவவில்லை என்பதைக் கவனியுங்கள், அந்தக் கதை பிறகு வருகிறது. சீட் ஒரு வரிசை கழற்றியதில் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள், எப்படியும் மறந்துபோன சாமான் அதைத் தின்றுவிடும்.

எங்கே குறைக்கலாம்? தண்ணீரில் முதலில். கொழும்பிலேயே 80 லீற்றரை நிரப்பிக்கொண்டு அனுராதபுரம் வரை சுமந்துபோக ஒரு நியாயமும் இல்லை. 20 லீற்றரோடு புறப்பட்டு, தங்கும் இடத்துக்குக் கிட்டே நிரப்புங்கள். வறண்ட இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கலாம். குடிக்கப் போத்தல், கழுவக் கிணறு என்று பிரித்துக்கொண்டால் சரி. அப்புறம் பற்றறி. ஈயத்துக்குப் பதில் லிதியம் போட்டால் ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் குறைகிறது, 100 ஆம்பியர்-மணி 12 கிலோ அளவில் முடிந்துவிடும். விலை கடிக்கும்தான். ஆனால் வேறு எதைக் குறைத்தாலும் இவ்வளவு சுகமாகக் குறையாது. டீசல் கானை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். 2022இல் வரிசையில் நின்ற பயத்தில் இன்னும் கான் சுமக்கிறவர்கள் உண்டு; அது எடை மட்டுமல்ல, ஆபத்தும்.

அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நாள் பயணத்துக்கு ஒரு மாதச் சாமான் கட்டுகிற வீடுகளை எனக்குத் தெரியும். போகிற வழியெல்லாம் கடை இருக்கிற நாடு இது.

திரும்பி வரும் எடை

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தத் தலைப்பு இருக்காது. யாழ்ப்பாணம் போய்த் திரும்புகிறீர்கள். மாமி ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தருவா. பெரியம்மா ஒரு பை ஒடியலும் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெய்ப் போத்தலும். சின்ன வெங்காயம் மலிவு என்று நீங்களே ஒரு மூட்டை வாங்குவீர்கள். நுவரெலியாப் பக்கம் என்றால் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாத எடை இது. எனவே போகும்போதே 60 கிலோவாவது காலியாக வைத்துப் புறப்படுங்கள். மேலே போட்ட பட்டியலில் ட்ரெய்லர் இல்லாவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவுதான் மீதி இருக்கிறது. சைக்கிளை விட்டுவிட்டுப் போனால் நிம்மதி.

எங்கே வைப்பது

மொத்த எடை எல்லைக்குள் இருந்தாலும் ஏற்றிய இடம் பிழையென்றால் வண்டி ஓட்டக் கஷ்டமாகும். பாரமானவை தரையோடு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில். தண்ணீர்த் தாங்கி, பற்றறி, கருவிப் பெட்டி மூன்றும் அங்கேதான். பின் கதவோரம் தலையணையும் துணியும். கூரையில் இலேசானவை மட்டும். கூரைக்குத் தனி எல்லை உண்டு, கூரைச் சட்டத்தின் எடையும் அதற்குள் அடக்கம், கையேட்டில் பாருங்கள். கூரையில் 60 கிலோவை ஏற்றிக்கொண்டு றம்பொடை வளைவுகளில் திரும்பும்போது வண்டி சாய்வது உடனே தெரியும்.

இடம், வலம் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். சமையல் மேடை, குளிர்ப்பெட்டி, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே பக்கச் சுவரில் அடிக்கிற வடிவமைப்புகள் படத்தில் அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் ஒரு பக்க ஸ்பிரிங் பட்டை தாழ்ந்துவிடும். 2020 மார்ச் முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே ஓடும் வான்கள் பல வயதானவை. பழைய ஸ்பிரிங் புத்தகத்தில் உள்ள எடையைத் தாங்கும் என்று நம்பிவிடாமல் ஒரு தடவை கராஜில் காட்டுங்கள். இன்னொரு பட்டை போட்டால் பின்பக்கம் உயரும், வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் சட்டப்படியான மொத்த எடை எல்லை ஒரு கிலோகூட உயராது. பிரேக்கும் அச்சும் டயரும் அதே பழையவைதானே.

டயரில் எழுதியிருப்பது

டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் இலக்கமும் ஓர் எழுத்தும் வரும். அந்த இலக்கம்தான் அந்த டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 91 என்றால் 615 கிலோ. 95 என்றால் 690. 100 என்றால் 800. 104 என்றால் 900. 106 என்றால் 950. வான் டயர்களில் 106/104 என்று இரண்டு இலக்கங்கள் இருந்தால் முதலாவது தனி டயருக்கு, மற்றது லொறிபோல் பின்னால் சோடி டயர் போடும்போது.

பஞ்சிகாவத்தையில் மலிவாக நல்ல ரிம்மும் டயரும் கிடைக்கும், உண்மை. ஆனால் அளவு பொருந்துகிறது என்பதற்காகக் கார் டயரை வானுக்குப் போட்டுவிடாதீர்கள். பின் அச்சில் 1,550 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். 106 டயர் இரண்டு சேர்ந்து 1,900 தாங்கும், பிரச்சினை இல்லை. 91 டயர் இரண்டு சேர்ந்து 1,230 மட்டுமே. புத்தளம் வீதி வெயிலில் அது வெடிக்கக் காத்திருக்கும். வாங்கும்போது தயாரித்த காலத்தையும் பாருங்கள்: 2321 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

காற்றைப் பொறுத்தவரை, கதவுத் தூணில் உள்ள ஜப்பானிய ஸ்டிக்கர் கிலோபாஸ்கலில் சொல்லும், நம் கடைக்காரர் பிஎஸ்ஐயில் கேட்பார். 100 கிலோபாஸ்கல் என்பது 14.5 பிஎஸ்ஐ. 240 என்று இருந்தால் 35. பாரத்துக்கு வேறு அளவு கொடுத்திருந்தால் அதைத்தான் போட வேண்டும். காலையில், டயர் சூடாகும் முன்.

ட்ரெய்லர் வேண்டுமா?

என் அபிப்பிராயம்: இலங்கையில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வீதி ஒடுக்கம், எதிரே பஸ் வேகம், திருப்ப இடம் இல்லை, பின்னுக்கு எடுக்கத் தனிப் பழக்கம் வேண்டும். கற்பிட்டியிலோ அறுகம்பேயிலோ ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கி, ட்ரெய்லரை அங்கே விட்டுவிட்டு வானில் சுற்றுகிறவர்களுக்கு மட்டும் அது உதவும்.

வேண்டும் என்றால், முதலில் உங்கள் வண்டியின் கையேடு இழுப்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். எத்தனை கிலோ இழுக்கலாம் என்று போடாத ஜப்பானிய வண்டிகள் உண்டு. சில ஹைபிரிட் கார்களின் கையேடு இழுக்கவே வேண்டாம் என்கிறது. வெல்டிங் கடையில் ஒரு கொளுக்கியைப் பூட்டிவிட்டால் வண்டிக்கு இழுக்கும் சக்தி வந்துவிடாது. கியர்பெட்டி சூடேறிச் செலவு வைக்கும்போதுதான் தெரியும். கையேட்டில் அளவு இல்லை என்றால் இழுக்காதீர்கள்.

மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். வாகனத்தின் உடல் வகையை மாற்றினாலும் திணைக்களத்தின் அனுமதி தேவை. உங்கள் சாரதி அனுமதிப்பத்திர வகுப்பு எவ்வளவு பெரிய ட்ரெய்லரை அனுமதிக்கிறது என்பதையும், காப்புறுதியில் ட்ரெய்லர் அடங்குமா என்பதையும் கொளுவும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடை எல்லையைத் தாண்டி ஏற்றியிருந்தால் விபத்துக்குப் பின் காப்புறுதிக்காரருடன் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

உள்ளூரில் செய்விப்பதானால் பிரேக் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அவுஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் கட்டாயம். அந்த எல்லையை இங்கேயும் நாமாகவே வைத்துக்கொள்வது புத்தி. பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, கொளுக்கிக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காக வர வேண்டும். கொளுக்கி கழன்றால் ட்ரெய்லரின் மூக்கு நிலத்தில் குத்தாமல் சங்கிலியில் தங்கும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்தை அமுக்கும். ட்ரெய்லரும் அப்படியே. அதன் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு வானின் கொளுக்கிக் குண்டில் இறங்க வேண்டும். 600 கிலோ ட்ரெய்லர் என்றால் 60 கிலோ. இதை முன்பாரம் என்றே சொல்வோம்.

முன்பாரம் குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அதிவேக நெடுஞ்சாலையில் பெரிய பஸ் ஒன்று முந்திப்போகும் காற்றே போதும், ஆட்டம் பெருகி வானையும் இழுத்துத் திருப்பிவிடும். அப்படி ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். பிறகு ஓரமாக நிறுத்திப் பாரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள். நகர்த்தாமல் மெதுவாகப் போய்ச் சமாளிக்கலாம் என்பது அடுத்த இறக்கம் வரைக்கும்தான்.

முன்பாரம் கூடினால் வேறு கதை. கொளுக்கி பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அங்கே வைக்கும் பாரம் துலாக்கோல் கணக்கில் வேலை செய்கிறது. வானின் இரண்டு அச்சுக்கும் இடையில் 2.6 மீற்றர், கொளுக்கி பின் அச்சுக்கு 1.1 மீற்றர் பின்னால் என்றால், 60 கிலோ முன்பாரம் பின் அச்சில் 85 கிலோவாக இறங்குகிறது. முன் அச்சிலிருந்து 25 கிலோ தூக்கப்படுகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் சக்கரத்தில்தான் இருக்கின்றன. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் உங்களுக்கு லைட் அடித்தால் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று: அந்த 60 கிலோ வானின் கையிருப்பிலிருந்தும் கழிய வேண்டும். நம் பட்டியலில் மீதி 69 இருந்தது. இனி 9 கிலோதான். மாமியின் மாம்பழப் பெட்டிக்கே காணாது.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். ட்ரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சமதரையில், கொளுவும்போது இருக்கும் அதே உயரத்தில், மூக்குக்குக் கீழே ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதைக் குளியலறைத் தராசில் வையுங்கள். தராசு காட்டுவதே முன்பாரம், கட்டையின் எடையைக் கழித்துவிடுங்கள். தராசின் எல்லையைத் தாண்டும் என்றால் 3 அடிப் பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல்லிலும் மறுமுனையைத் தராசிலும் வைத்து, செங்கல்லிலிருந்து 1 அடியில் மூக்கை இறக்குங்கள். காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை. ட்ரெய்லருக்குள் சாமான் எல்லாம் ஏறிய பிறகே அளக்க வேண்டும். வெறும் ட்ரெய்லரை அளப்பதில் பயன் இல்லை.

எடைப்பாலத்துக்குப் போங்கள்

இதுவரை செய்தது காகிதக் கணக்கு. உண்மை தராசில்தான். லொறி நிறுக்கும் எடைப்பாலம், ‘வே பிரிட்ஜ்’ என்றால் எல்லோருக்கும் தெரியும், பழைய இரும்பு யார்டு, மணல் யார்டு, அரிசி ஆலை, கொள்கலன் யார்டு போன்ற இடங்களில் இருக்கும். கொழும்பில் ஒருகொடவத்தை, பேலியகொடை, வத்தளைப் பக்கம் விசாரியுங்கள். லொறி வரிசை இல்லாத நேரமாகப் போய், சிறு கட்டணம் கொடுத்து நிறுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் செய்யப்போகும் சுற்றுக்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் எரிச்சலடைவார்கள்.

பயணம் புறப்படும் கோலத்திலேயே போக வேண்டும். டாங்கி நிரம்பியிருக்க வேண்டும், தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லோரும் உள்ளே. பிறகு நான்கு தடவை:

1. ட்ரெய்லர் கொளுவியபடி, வானின் முன் சக்கரங்கள் மட்டும் பாலத்தில். காட்டியது 1,190 என்று வைப்போம்.
2. வான் முழுவதும் பாலத்தில், ட்ரெய்லர் சக்கரம் வெளியே. 2,740.
3. எல்லாமே பாலத்தில். 3,290.
4. ட்ரெய்லரைக் கழற்றி, அது மட்டும். 610.

இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் பின் அச்சு, 1,550. மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் ட்ரெய்லர் சக்கரங்களில் நிற்பது, 550. ட்ரெய்லர் முழு எடை 610, ஆக முன்பாரம் 60, பத்தில் ஒன்றுக்குக் கிட்ட. வானின் மொத்த எடை எல்லை 2,750, நிறுத்தது 2,740. எல்லைக்குள்தான், ஆனால் லொறித் தராசு 10 அல்லது 20 கிலோப் படியில்தான் காட்டும் என்பதால் இதை விளிம்பு என்றே கொள்ள வேண்டும். முன்பாரம் போன்ற சின்ன எடைக்கு இந்தத் தராசை நம்பாமல் வீட்டுத் தராசையே நம்புங்கள்.

ஒவ்வோர் அச்சுக்கும் தனி எல்லை தகட்டில் இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மிஞ்சுவது கேம்பர் வான்களில் சாதாரணம். தண்ணீர்த் தாங்கியை முன்னுக்கு மாற்றினாலே பல தடவை சரியாகிவிடும். நிறுத்த துண்டை வண்டியிலேயே வைத்திருங்கள். புதிதாக எதையாவது பூட்டினால் மறுபடி ஒரு தடவை நிறுங்கள்.

முதல் பயணம் எங்கே

சமதரையில் தொடங்குங்கள். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாகக் கற்பிட்டி. ஏ3 வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி நிறுத்த எவ்வளவு தூரம் எடுக்கிறது, முந்த எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பழகலாம். 50 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, சக்கரத் தட்டுகளைத் தொடாமல், கையைக் கிட்டே வைத்துச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பெயரிங் போகிறது.

மலைநாடு அடுத்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி திணறினால், ஹட்டன் வழியாகவோ றம்பொடை வழியாகவோ நுவரெலியா ஏறுவதை ஒத்திப்போடுங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதி 27 கிலோமீற்றர் அளவில் சுமார் 800 மீற்றர் கீழே போகிறது. இரண்டரை, மூன்று தொன் வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வரும் சக்தி முழுவதும் எங்கேயாவது வெப்பமாக மாற வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது பிரேக்கில் சேரும். மிதிபலகை பஞ்சுபோல அமுங்கத் தொடங்கினால் ஏற்கெனவே பிந்திவிட்டது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் 2 அல்லது L, சில வண்டிகளில் B. எஞ்சின் இரைந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கிப் போக விடுங்கள். பிரேக் திரவம் மாற்றி எவ்வளவு காலம் என்று தெரியாத வண்டியோடு அந்த வீதிக்குப் போகவே வேண்டாம்.

ஓடும்போது கேஸ் சிலிண்டரின் வால்வு பூட்டியிருக்க வேண்டும். இதை எடையோடு சேர்த்து ஏன் சொல்கிறேன் என்றால், சிலிண்டரும் வளைவில் உருளும் எடைதான். நிமிர்த்திக் கட்டுங்கள்.

மெல்பேர்னிலும் ரொறன்ரோவிலும்

பிள்ளைகளைப் பார்க்கப் போய், அங்கே கரவன் (உள்ளே தங்கக்கூடிய ட்ரெய்லர்) வாடகைக்கு எடுக்கும் யோசனை உள்ளவர்களுக்கு. அவுஸ்திரேலியாவில் ஏ.டி.எம். என்றால் முன்பாரத்தோடு சேர்த்து ட்ரெய்லரின் முழு எல்லை. ஜி.டி.எம். என்றால் கொளுவிய பிறகு அதன் சக்கரங்களில் மட்டும் நிற்கும் எல்லை. ஜி.வி.எம். இழுக்கும் வண்டியின் மொத்த எல்லை. ஜி.சி.எம். இரண்டும் சேர்ந்த எல்லை. 750 கிலோ வரை பிரேக் தேவையில்லை, 2,000 வரை ஓர் அச்சிலாவது, அதற்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும், கூடவே ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும்.

அங்கே ஆளைச் சிக்கவைக்கும் பொறி விளம்பரத்தில் இருக்கிறது. ‘3,500 கிலோ இழுக்கும்’ என்பார்கள். சேர்ந்த எல்லை 6,000 என்றால், 3,500 கிலோ கரவனை இழுக்கும்போது வண்டிக்கு மிஞ்சுவது 2,500. வெறும் வண்டியே 2,200 என்றால் ஆட்களும் சாமானும் 300 கிலோவுக்குள். நான்கு பெரியவர்கள் ஏறினால் முடிந்தது. ஆகவே வாடகைக்காரரிடம் இழுவை எல்லையை மட்டும் கேட்காமல் சேர்ந்த எல்லையையும் கேளுங்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் கதவுத் தூண் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று நேராகவே எழுதியிருக்கும். இறாத்தலில் சொன்னால் 2.2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். முன்பாரத்தை அங்கே 10 முதல் 15 வீதம் என்கிறார்கள், ஐரோப்பாவில் அதைவிடக் குறைவு. இரண்டையும் கலக்காமல், எடுக்கும் வண்டியின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புறப்படும் முன் கொழும்பில், காலிமுகத் திடலுக்குக் கிட்ட உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். நம் அனுமதிப்பத்திர வகுப்பு அங்கே எத்தனை கிலோ ட்ரெய்லருக்குச் செல்லும் என்பதை அந்தந்த மாநிலத்துக்கோ மாகாணத்துக்கோ தனியாகப் பார்க்க வேண்டும். முற்பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.